பாதாம் ரொட்டி வேகும் நேரம்

நான்காவது முட்டையை உடைக்கும்போது தண்டபாணிக்குக் கை பிசகிவிட்டது. மஞ்சள் கரு ஓட்டின் விளிம்பில் வந்து நின்றுகொண்டு, விழட்டுமா வேண்டாமா என்று அவனைக் கேட்டது. ஒரு சொட்டு மஞ்சள் கலந்தாலும் வெள்ளை நுரைக்காது, வெள்ளை நுரைக்காவிட்டால் ரொட்டி எழும்பாது, எழும்பாத ரொட்டி செங்கல்லாக வெளியே வரும், அதையும் அந்தப் பிள்ளை மறுபேச்சு இல்லாமல் தின்னும். மறுபேச்சு இல்லாமல் தின்கிறதே, அதுதான் தாங்க முடியவில்லை. ஏழு வயதுப் பிள்ளை அடம்பிடித்து அழுதால் அதட்டலாம், கொஞ்சலாம், முதுகில் ஒன்று வைக்கவும் செய்யலாம். இது தட்டைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கிறது, மென்று விழுங்குகிறது, தண்ணீர் குடிக்கிறது. சரி, விடு. முட்டையைப் பார். ஓட்டைச் சாய்த்து மஞ்சளைத் தப்பவைத்துத் தராசைப் பார்த்தான். நூற்றி இருபத்தி நாலு புள்ளி மூணு. வேண்டியது நூற்றி இருபது. கரண்டி நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக வழித்தெடுத்தான். பம்ப் கம்பெனியில் பதினாறு வருஷமாக அவனுக்கு இதுதான் வேலை: தண்டின் விட்டத்தை அளப்பது, தலைமுடியின் கனத்தில் பாதி கூடினாலும் குறைந்தாலும் தூக்கி ஓரமாகப் போடுவது. தண்டபாணி பார்த்துவிட்டால் அப்புறம் பார்க்க வேண்டியதில்லை என்று அங்கே பேச்சு. ஆமாம், பெரிய அளவுக்காரன். அந்தக் கையால்தான் ஒன்பது நாளைக்கு முன்னால் அளக்காமல் கொடுத்தான். இப்போதே சொல்லிவிடலாம். கோகிலவாணி பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருக்கிறாள், பிள்ளை இன்னும் எழவில்லை, மணி ஏழு இருபது, சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் வராது. ரொட்டியை உள்ளே வைத்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தான். கலவை காத்திருக்கக் கூடாது பார், அதனால்.

பாதாம் மாவு இருநூறு. முந்தாநாளே வெந்நீரில் போட்டுத் தோலுரித்து, துணியில் பரப்பி, காற்றாடிக்கடியில் காயவைத்து, மிக்ஸியில் ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்தி அரைத்தது. தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டுக் களியாகிவிடும். இசப்கோல் உமி பதினெட்டு. அதுதான் கோதுமை செய்கிற வேலையைச் செய்கிறது, பிடித்து வைக்கிறது. வெண்ணெய் எண்பது. கோதுமை கிடையாது, அரிசி கிடையாது, ராகி, கம்பு, சோளம் எதுவும் கிடையாது. சர்க்கரையின் பெயரைக்கூட இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. சஷ்மிதாவுக்கு வலிப்பு. மூன்று மருந்து மாற்றியும் அடங்காத வலிப்பு. ஒரு நாளைக்கு எட்டு, பத்து என்று வந்தது. அப்புறம்தான் டாக்டரம்மா இந்தச் சாப்பாட்டைச் சொன்னார். கொழுப்பாகவே தின்னவைத்து, மாவையும் இனிப்பையும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் ஆக்கினால் சில பிள்ளைகளுக்கு அடங்கும். கிராம் கணக்கில் அளக்க வேண்டும், ஒரு வாய் தப்பினாலும் தப்புத்தான், முடியுமா என்றார். கோகிலவாணி பள்ளிக்கூட வேலையை விட்டாள். தராசு வாங்கினார்கள். இட்லி தோசை வாசனை இந்த வீட்டைவிட்டுப் போனது. மூன்றாம் மாசம் வலிப்பு குறைந்தது, ஆறாம் மாசம் நின்றேவிட்டது. ஐந்து மாசமும் பதினொரு நாளும் ஒன்றுகூட வரவில்லை. பிள்ளை சைக்கிள் பழகியது. கோகிலவாணி தலைக்குப் பூ வைத்தாள். அப்புறம் அது திரும்பி வந்தது. இன்றைக்குப் பதினோரு மணிக்கு டாக்டரம்மா முன்னால் போய் உட்கார வேண்டும். போன வாரமே கேட்டுவிட்டார்: "உள்ள ஏதாச்சும் போச்சா, போகலையா, அது மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியணும். போயிருந்தா இதையே தொடரலாம், சரியாயிரும். எதுவுமே போகாம வந்திருக்குன்னா இந்தச் சாப்பாடு இவளுக்குக் கை கொடுக்கலைன்னு அர்த்தம். நிறுத்திட்டு வேற மாத்திரைக்குப் போயிரலாம்." அந்த வேற மாத்திரை சில பிள்ளைகளுக்குக் கண்ணின் ஓரப் பார்வையைத் தின்றுவிடுமாம். போனது திரும்பாதாம். நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் வருவது தெரியாது. சைக்கிள் பழகிய பிள்ளைக்கு. ஒரே ஒரு வார்த்தை, டாக்டரம்மா, போச்சுங்க, நான்தான் கொடுத்தேன். அவ்வளவுதான். அதற்குத்தான் ஒன்பது நாளாக நாக்கு புரளவில்லை.

வெள்ளையை அடிக்க ஆரம்பித்தான். மெஷின் சத்தத்தில் யோசனை ஓயும் என்று பார்த்தால் அது இன்னும் கெட்டியாக உட்கார்ந்துகொண்டது. நுரை வெளுத்து, ஏறி, கம்பியின் நுனியில் கொக்கி போட்டு நின்றது. மாவில் மடித்துப் போட வேண்டும், கலக்கக் கூடாது. கலக்கினால் காற்றுப் போய்விடும். மடித்தான். வெண்ணெய்த் தாள் விரித்த தகரத்தில் ஊற்றி, ஓவனில் வைத்து, நூற்றி எழுபதில் ஐம்பது நிமிடத்துக்குத் திருகினான். டிக்டிக் என்று ஓடத் தொடங்கியது. சரி, இப்போது போய்ச் சொல். தலையைத் தடவினான். குத்தியது. மொட்டையில் முடி கால் விரக்கடை வளர்ந்திருக்கிறது. பழனிக்கு நேர்ந்துகொண்டது அவன்தான். வலிப்பு நின்றால் மொட்டை போடுகிறேன், படியேறி வருகிறேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சொன்னான். நின்றது, போனான். ஏறினான், இறங்கினான், அழுதான்கூட. வரும்போது ஒரு பஞ்சாமிர்த டப்பா. அதை வாங்காமல் யாராவது பழனியிலிருந்து வருவார்களா? கோகிலவாணி வாசலிலேயே கையைக் குறுக்கே வைத்தாள். "ஏனுங்க, அது வீட்டுக்குள்ள வரக் கூடாது. சாமி கோவிச்சுக்காது. கம்பெனியில குடுத்துருங்க." குடுத்தர்றேன் என்றான். கம்பெனிக்கு அது போகவில்லை. வண்டியின் பெட்டிக்குள் கிடந்தது. அந்தச் சாயங்காலம் பிள்ளையை வண்டியில் ஒரு சுற்று கூட்டிப் போய்விட்டு வந்து, கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில், தூணுக்குப் பின்னால், அந்த டப்பாவைத் திறந்தான். பிரசாதம்தானே. ஒரு துளி. நாக்கில் வைத்தால் போதும். கொடுத்தவனே கெடுப்பானா? கிராம் கணக்கெல்லாம் நாம் தின்கிற சோத்துக்குத்தான், சாமி சோத்துக்கு என்ன கணக்கு? இப்படித்தான் நினைத்தான் படித்த முட்டாள். நினைத்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. விரல் அதுபாட்டுக்குப் போய்விட்டது.

பிள்ளை கண்ணை மூடிக்கொண்டது. பதினோரு மாசமாக இனிப்பு படாத வாய். அது என்ன செய்தது தெரியுமா, இரண்டு கையாலும் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விரலைச் சப்பியது, கைக்குழந்தையில் சப்பின மாதிரி. பேரீச்சை நார் ஒன்று அதன் உதட்டில் ஒட்டியிருந்தது. அதையும் நாக்கால் தேடி எடுத்தது. இன்னொரு தடவை விரலை விட்டான். இன்னொரு தடவை. எத்தனை? நாலா, அஞ்சா? இங்கேதான் வந்து வந்து முட்டிக்கொள்கிறான். ஒரு விரலுக்கு மூணு கிராம் என்று வைத்தால், அஞ்சு விரலுக்குப் பதினைந்து, அதில் பாதிக்கு மேல் சர்க்கரையும் வெல்லமும். மாவும் இனிப்புமாகப் பிள்ளையின் ஒரு நாள் கணக்கே எட்டு கிராம். விரலை வளைத்து எடுத்திருந்தால் நாலு கிராம் வரும். வளைத்தானா? கம்பெனியில் ஒருநாள் யாரும் பார்க்காதபோது விரலில் கிரீஸை எடுத்து எடை போட்டுப் பார்த்தான். நேராக எடுத்தால் இவ்வளவு, வளைத்து எடுத்தால் இவ்வளவு. போட்டு என்ன? இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், அதைச் சொல்லாவிட்டால் எதையும் சொன்னதாகாது: அவனுக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. வருஷக்கணக்கில் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. தராசும் கணக்கும் இல்லாமல், தகப்பன் கொடுத்தான், மகள் தின்றது. டப்பாவை மூடி, கைக்குட்டையால் அதன் வாயைத் துடைத்தான். துடைக்கும்போது மூன்றாம் மாடிப் பால்கனியை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தான். அம்மாவிடம் சொல்லாதே என்று அவன் சொல்லவில்லை. அந்த ஒன்றை மட்டும் அவன் செய்யவில்லை. இந்த ஒன்பது நாளில் தன் பக்கத்துக்கு என்று தேடித் தேடி அவனுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

மறுநாள் விடிகாலை ஐந்தே முக்காலுக்குக் கட்டிலை யாரோ உதைக்கிற சத்தம். யாரோவா? அவனுக்குத் தெரியும், கண்ணைத் திறப்பதற்கு முன்பே தெரியும். குதிகால் பலகையில் அடிக்கிற சத்தம். கோகிலவாணி பிள்ளையை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு கைபேசியில் நேரம் பார்த்தாள். இரண்டு நிமிஷம் பத்து நொடி. அவள் அழவில்லை. பிள்ளை தெளிந்ததும், சாப்பாடு உடம்பில் பிடிக்கிறதா என்று நிறத்தில் காட்டுகிற சோதனைத் தாளை மூத்திரத்தில் நனைத்துப் பார்த்தாள். தினமும் கருநாவலாக வருகிற தாள், அன்றைக்கு வெளிறிய ரோஸ். "உள்ள என்னமோ போயிருக்குது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்றிலிருந்து தேடுகிறாள். பல் பசையைத் தேடினாள், சளி மருந்தைத் தேடினாள், சோப்பைக்கூட விடவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பக்கத்தில் உட்காருகிற பிள்ளைகளின் டிபன் டப்பாவைக் கேட்டுவிட்டு வந்தாள். தேடியவர்களில் அவனும் ஒருத்தன். இதை என்னவென்று சொல்ல! பல் பசை அட்டையைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பொடி எழுத்தை வரிவரியாக வாசித்தானே, "இதுல என்னமோ இனிப்புச் சேர்த்திருக்கானே கோகிலா" என்று வேறு சொன்னானே. அவளும் நம்பிப் பசையை மாற்றினாள். அதற்குப் பிறகும் ஆறு தடவை வந்துவிட்டது. தாள் பழைய நிறத்துக்குத் திரும்பியும் வருகிறது. ஒருதரம் குலைந்தால் உடம்பு சீர்பட நாளாகும் என்று எங்கேயோ படித்தான். படித்ததை அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் எதனால் குலைந்தது என்று கேட்பாள். அவள் முதல் மாசமே சொல்லியிருந்தாள், அடுப்பைத் துடைத்துக்கொண்டே, அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல்: "இவ வாயில யாராச்சும் எதையாச்சும் வெச்சாங்கன்னா, அது என்னைப் பெத்தவளா இருந்தாலும் சரி, அந்த மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன்." முழிக்க மாட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். பயம் அவளைப் பற்றியா, தன்னைப் பற்றியா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. பிள்ளை கண்ணைவிட உனக்கு உன் மூஞ்சி பெரிசாப் போச்சா என்று கேட்டுக்கொண்டான். ஓவனிலிருந்து வெண்ணெய் வாசனை வந்தது.

பாதி நேரம் ஆகிவிட்டது. கண்ணாடிக்குள் ரொட்டி நடுவில் லேசாக வெடித்து எழும்பியிருந்தது, நல்ல எழுச்சி. அதைப் பார்த்து ஒரு கணம் மனசு குளிர்ந்தது, அதற்கும் வெட்கமாக இருந்தது. பால்கனியில் கோகிலவாணி பேசுவது கேட்டது. யாரோடு? கைபேசியை உரக்க வைத்திருக்கிறாள் போல. "இல்லீங்கக்கா. இனி வர வேண்டாம். சாவிய வாட்ச்மேன்கிட்டக் குடுத்துருங்க." மாராத்தாக்கா. நாலு வருஷமாக இந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். முதல்முதல் பிள்ளை அடுக்களையில் விழுந்தபோது தன் சேலையை மடித்துத் தலைக்கடியில் வைத்தவள். இரும்பைக் கையில் வைக்கலாம் என்று ஓடிவந்த மேல்வீட்டுக்காரரை எட்டி நிறுத்தியவள். அந்தப் பக்கமிருந்து குரல் கரகரவென்று வந்தது. "சாமி சத்தியமா இல்லீங்க அம்மிணி. என்ற புள்ளையாட்டத்தான பாத்தேன். நா எதுக்கு அதுக்குக் குடுக்கறேன்?" என்ன குடுத்தாள்? அவன் கையில் துணியோடு அப்படியே நின்றான். "நீங்க வேணும்னு செய்யலைங்கக்கா, அது எனக்குத் தெரியுது. பாவம் பாத்துச் செஞ்சிருப்பீங்க. ஆனா இனி முடியாது." "அம்மிணி, நாலு வூட்டுலயும் என்னைய என்னன்னு சொல்லுவாங்க..." வைத்துவிட்டாள். நாலு வீடும் இதே கட்டடம். மத்தியானத்துக்குள் நாலு வீட்டுக்கும் தெரிந்துவிடும், வலிப்புக்காரப் பிள்ளைக்குத் திருட்டுத்தனமாகத் தின்னக் கொடுத்தவள் என்று. அப்புறம் யார் அவளை அடுக்களைக்குள் விடுவார்கள்? இப்போது சொல்ல வேண்டும். இதற்குமேல் தள்ளினால் அவன் மனுஷனே இல்லை. அவள் வந்ததும் முதல் வார்த்தை அதுதான்.

கோகிலவாணி துணி மூட்டையோடு உள்ளே வந்தாள். முகம் ஒன்பது நாளில் முதல் தடவையாகத் தளர்ந்திருந்தது. "தெரிஞ்சிருச்சுங்க" என்றாள். "நேத்து ராத்திரி பாப்பாவே சொல்லீருச்சு. பிஸ்கட்டாமா. மாராத்தாக்கா முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்து குடுத்துச்சாமா. ரெண்டு." துணியை நாற்காலியில் போட்டாள். "எனக்குக் கோவம்கூட வரலைங்க. அப்பாடான்னு இருக்குது. டாக்டரம்மாகிட்டச் சொல்லீரலாம். மாத்திரை மாத்த வேண்டாம், இதையே தொடருங்கன்னு சொல்லீருவாங்க." அவள் அழுதாள். ஒன்பது நாள் அழுகையையும் சேர்த்து அவன் தோளில் நெற்றியை வைத்து அழுதாள். அவன் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான். பிஸ்கட்டா? இருக்குமோ? ஏன் இருக்கக் கூடாது? மாராத்தாக்காவும் பாவம் பார்த்துக் கொடுத்திருக்கலாமே, அவளும் மனுஷிதானே. பிஸ்கட் இரண்டு, அதில் மாவு எவ்வளவு, ஒன்றுக்கு ஐந்து கிராம் என்றால் பத்து. பஞ்சாமிர்தமும் பத்து, பிஸ்கட்டும் பத்து. அப்படியானால் பாதிதான் அவனுடையது. பாதிகூட இல்லை, பிஸ்கட் முன்னால் போயிருந்தால் எல்லாம் பிஸ்கட்டால்தான். மனசு எத்தனை சுறுசுறுப்பாக வேலை செய்கிறது பாருங்கள், ஒன்பது நாள் கிடந்த மனசு! கோகிலவாணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, குளித்துவிட்டு வருகிறேன், பாப்பாவை எழுப்பி ஒரு துண்டு குடுங்க, பத்து மணிக்குக் கிளம்பலாம் என்று போனாள். குளியலறைக் கதவு சாத்தியது. ஓவன் மணி அடித்தது.

பிள்ளை தானாகவே எழுந்து வந்து மேஜையில் உட்கார்ந்தது. நேற்றைய வலிப்பில் கடித்த நாக்கு இன்னும் ஆறவில்லை, வாயை ஒரு பக்கமாக வைத்திருந்தது. சூட்டோடு வெட்டினால் ரொட்டி உதிரும். ஆறும்வரை காத்திருக்கவும் அவனால் முடியவில்லை. ஓரத்தில் ஒரு துண்டு அறுத்தான். இருபத்தெட்டு கிராம் இருக்க வேண்டும், முப்பத்தொன்று இருந்தது, மூலையைக் கிள்ளினான். வெண்ணெய் தடவித் தட்டை முன்னால் வைத்தான். பிள்ளை வாயைத் திறந்து ஒரு கடி கடித்து, மெல்ல மெல்ல மென்றது. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். தண்டபாணி அதன் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தான். கேட்காமலேயே இருந்துவிடலாம். கேட்காவிட்டால் பிஸ்கட் பிஸ்கட்டாகவே இருக்கும். ஆனால் வாய் கேட்டுவிட்டது.

"அம்மிணி, மாராத்தாக்கா உனக்கு பிஸ்கட் குடுத்துச்சா கண்ணு?"

பிள்ளை மெல்வதை நிறுத்தியது. குளியலறைப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டியது.

"அப்பறம் ஏன் சாமி அப்படிச் சொன்னே?"

"அம்மா கேட்டுட்டே இருந்துச்சுப்பா. யாரு குடுத்தா, யாரு குடுத்தான்னு. மாராத்தாக்காவான்னு கேட்டுச்சு. நான் ஆமான்னு சொல்லிட்டேன்." குரலை இன்னும் தாழ்த்தியது. "உங்களைச் சொன்னா அம்மா உங்ககூடப் பேசாதுல்ல. அதான்."

அவனுக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கமும் அழுகையும் வருவதற்கு முன்னால், மாராத்தாக்காவின் குரல் காதில் வருவதற்கு முன்னால், அதுதான் வந்தது. கண் தப்பித்தது, சாப்பாடு தப்பித்தது, அவனும் தப்பித்தான். இனி யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. எழுந்து போய்க் குளியலறைக் கதவைத் தட்ட வேண்டும், இப்போது, இந்த நொடி, கோகிலா என்று கூப்பிட வேண்டும். காலுக்கு அது தெரிந்திருந்தது, கால் அசையவில்லை. உள்ளே தண்ணீர் நின்றது. வாளியைக் கவிழ்க்கிற சத்தம் கேட்டது.

பிள்ளை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் சரியாத்தானப்பா சொன்னேன்?"

தண்டபாணி அதன் தலையில் கை வைத்தான்.

"சரியாத்தான் சொன்னே" என்றான். "நல்ல பொண்ணு."